செய்தியை முடக்கும் விதிகள்: செய்தியாளருக்கும் வாசகருக்கும் உள்ள உரிமைகள்

2025 பிப்ரவரி 15 மாலை விகடன் இணையதளத்தைத் திறக்க முயன்ற பலருக்குப் பக்கம் வரவில்லை. அமெரிக்காவிலிருந்து இந்தியர்கள் விலங்கு பூட்டித் திருப்பி அனுப்பப்பட்டுக்கொண்டிருந்த நேரம் அது. அதிபர் ட்ரம்புக்கு அருகே பிரதமர் மோடி விலங்குடன் அமர்ந்திருப்பதுபோல ஒரு கேலிச்சித்திரத்தை ‘விகடன் பிளஸ்’ இணைய இதழ் வெளியிட்டிருந்தது. அதன் மீது பா.ஜ.க. மாநிலத் தலைமை புகார் கொடுத்தது. தளம் தடைபட்டதற்கு மறுநாள்தான் மத்திய தகவல் ஒளிபரப்பு அமைச்சகத்தின் நோட்டீஸ் நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தது. புகார் ஒரே ஒரு சித்திரத்தைப் பற்றியது. தடையோ, 1926-இல் தொடங்கிய ஒரு நிறுவனத்தின் மொத்த இணையதளத்துக்கும் விழுந்தது. கேலிச்சித்திரத்தைத் தற்காலிகமாக நீக்கினால் தடையை விலக்க வேண்டும் என்று மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

அச்சு இதழைப் பறிமுதல் செய்தால் ஊருக்கே தெரியும். இணையத்தில் ஒரு செய்தி தடுக்கப்பட்டால், தடுக்கப்பட்டது என்பதே பலருக்குத் தெரிவதில்லை. எந்தப் பக்கம் திறக்க வேண்டும், எந்த ஊரில் எத்தனை நாள் இணையம் இருக்க வேண்டும், எந்தத் தகவலை வெளியிட யாரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்யும் சட்டங்கள், விதிகள், தொழில்நுட்ப ஏற்பாடுகள் அனைத்தையும் சேர்த்துத்தான் ‘இணைய ஆளுகை’ என்கிறார்கள். புலனாய்வுச் செய்தியின் உயிர் இன்று இந்த விதிகளில் இருக்கிறது. ஆனால் அவை வரைவாக இருக்கும் காலத்தில் பெரும்பாலான செய்தி அறைகள் அவற்றைத் தொழில்நுட்பப் பக்கத்துச் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடுகின்றன. விதி சட்டமாகித் தங்கள் மீதே பாயும்போதுதான் அதைப் படிக்கத் தொடங்குகின்றன.

தளத்தைத் தடுக்கும் அதிகாரம்

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 69ஏ பிரிவுதான் இணையப் பக்கங்களைத் தடுக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. அதற்கான காரணங்களைச் சட்டமே வரையறுத்திருக்கிறது: நாட்டின் இறையாண்மை, ஒருமைப்பாடு, பாதுகாப்பு, அயல்நாடுகளுடனான நட்புறவு, பொது ஒழுங்கு ஆகியவையும், இவை தொடர்பான குற்றங்களுக்குத் தூண்டுவதைத் தடுப்பதும். அவதூறு என்பது இந்தப் பட்டியலில் இல்லை. ஓர் அமைச்சரின் மனம் புண்பட்டது என்பதும் இல்லை.

2009-ஆம் ஆண்டின் விதிகளின்படி, பதிவை வெளியிட்டவருக்கு அல்லது அதைத் தாங்கும் நிறுவனத்துக்கு நோட்டீஸ் கொடுத்து, பதில் சொல்லக் குறைந்தது 48 மணி நேரம் தர வேண்டும். அவசரம் என்று அரசு கருதினால் முதலில் தடுத்துவிடலாம்; 48 மணி நேரத்துக்குள் தடைக் கோரிக்கைகளை ஆராயும் குழுவின் முன் அதை வைக்க வேண்டும். இந்த அவசர வழிதான் ஆபத்தானது. போதாக்குறைக்கு, புகார்களையும் நடவடிக்கைகளையும் ரகசியமாக வைக்க வேண்டும் என்று 16-ஆம் விதி சொல்கிறது. எதற்காகத் தடை என்று தெரியாதவர் எதை எதிர்த்து வழக்குப் போடுவார்?

இதற்குப் பரிகாரம் உச்ச நீதிமன்றத்தின் 2015 மார்ச் 24 தீர்ப்பிலேயே இருக்கிறது. இணையத்தில் புண்படுத்தும் பதிவுகளைக் குற்றமாக்கிய 66ஏ பிரிவைச் செல்லாது என்று அறிவித்த ஸ்ரேயா சிங்கால் வழக்கின் தீர்ப்பு அது. 69ஏ பிரிவையோ நீதிமன்றம் அனுமதித்தது. காரணங்கள் எழுத்தில் பதிவாக வேண்டும், அவற்றை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு மூலம் எதிர்க்க முடியும் என்பவற்றை அதற்கான காப்புகளாகச் சுட்டிக்காட்டியது. ஆகவே தடைக்கு ஆளான சிறு இதழோ தனி யூடியூப் சேனலோ முதலில் கேட்க வேண்டியது உத்தரவின் நகலை. பிறகு, அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவின்கீழ் உயர் நீதிமன்றம். தளம் திறக்காத தேதி, நேரம், எந்த நிறுவனத்தின் இணைய இணைப்பு என்ற விவரங்களுடன் வாசகர்கள் எடுத்து அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்கள் இந்த வழக்குகளில் பயன்படும்.

ஊரையே இருட்டாக்கும் இணைய முடக்கம்

2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலை எதிர்ப்புப் போராட்டத்தின்மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. 13 பேர் இறந்தனர். அடுத்த நாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையத்தை நிறுத்த மாநில அரசு உத்தரவிட்டது. யார் சுட்டார்கள், எங்கிருந்து சுட்டார்கள் என்பதற்கான படங்களும் நேரில் கண்டவர்களின் சொற்களும் வெளியே வர வேண்டிய நாட்கள் அவை.

2019 ஆகஸ்டில் காஷ்மீரில் தகவல் தொடர்பு முழுவதும் துண்டிக்கப்பட்டபோது ‘காஷ்மீர் டைம்ஸ்’ நாளிதழின் நிர்வாக ஆசிரியர் அனுராதா பாசின் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். இதழை அச்சுக்குக் கொண்டுபோக முடியாத நிலைமைதான் அவருடைய வாதத்தின் அடிப்படை. 2020 ஜனவரி 10 அன்று வந்த தீர்ப்பு மூன்று விஷயங்களை உறுதிப்படுத்தியது. இணையத்தின் வழியே பேசவும் தொழில் செய்யவும் உள்ள உரிமைக்கு அரசியலமைப்பின் பாதுகாப்பு உண்டு; கால வரம்பில்லாத முடக்கம் கூடாது; முடக்க உத்தரவுகளை வெளியிட வேண்டும். ஆனாலும் காஷ்மீரில் 4ஜி சேவை முழுமையாகத் திரும்ப 2021 பிப்ரவரி ஆகிவிட்டது.

2024 நவம்பரில் தொலைத்தொடர்புச் சட்டத்தின்கீழ் வந்த புதிய விதிகளும் காரணத்தோடு உத்தரவை வெளியிட வேண்டும் என்கின்றன. ஓர் உத்தரவு 15 நாட்களைத் தாண்டக் கூடாது என்கின்றன. ஒரு மாவட்டத்தில் இணையம் நின்றால் உள்ளூர் நிருபர் முதலில் தேட வேண்டிய ஆவணம் இந்த உத்தரவு. அது வெளியாகவில்லை என்றால், அதுவே ஒரு செய்தி, வழக்குக்கும் அடிப்படை.

தரவுச் சட்டமும் தகவல் உரிமையும்

புலனாய்வுச் செய்தியின் மூலப்பொருள் ஆவணம். பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை தர வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டத்தைப் பற்றிய பெரிய அம்பலப்படுத்தல்கள் சில, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் செயற்பாட்டாளர் லோகேஷ் பத்ரா பெற்ற கோப்புகளிலிருந்து வந்தவை. ரிசர்வ் வங்கியின் ஆட்சேபங்கள் எப்படி ஒதுக்கித் தள்ளப்பட்டன என்பதை அவற்றைக் கொண்டு பத்திரிகையாளர் நிதின் சேத்தி 2019 நவம்பரில் ஒரு தொடராக எழுதினார். 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டத்தையே ரத்து செய்தது. நன்கொடையாளர்களின் பெயர்கள் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்துக்கு வந்தன. அதன்பின் நியூஸ்லாண்ட்ரி, தி நியூஸ் மினிட், ஸ்க்ரோல் ஆகிய தளங்களும் தனிப் பத்திரிகையாளர்களும் போட்டியை ஒதுக்கிவைத்துவிட்டு ஒன்றுசேர்ந்து அந்தப் பட்டியலை ஆராய்ந்தார்கள்.

பெயர்கள் இல்லையென்றால் இந்த வேலை நடந்திருக்காது. அந்தப் பெயர்களுக்குத்தான் இப்போது பூட்டு வருகிறது.

2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தியது. முன்பு, பொது நலன் இருந்தால் தனிப்பட்ட தகவலையும் தரலாம், நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற காப்புகள் அந்தப் பிரிவிலேயே இருந்தன. இப்போது ‘தனிப்பட்ட தகவல்’ என்ற ஒரு காரணமே மறுக்கப் போதும். இந்தத் திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஓர் ஒப்பந்ததாரரின் பெயரும், ஓர் அதிகாரி தாக்கல் செய்த சொத்துக் கணக்கும்கூட இனி ‘தனிப்பட்டவை’ ஆகிவிடலாம்.

மறுப்பு வந்தால் விட்டுவிடக் கூடாது. அதே சட்டத்தின் 8(2) பிரிவு இன்னும் உயிரோடிருக்கிறது: தகவலை வெளியிடுவதால் வரும் பொது நலன், அதனால் வரும் பாதிப்பைவிடப் பெரியது என்றால் தகவலைத் தரலாம். விண்ணப்பத்திலேயே இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, பொது நலன் எது என்று இரண்டு வரியில் எழுதிவிடுவது நல்லது. மறுத்தால் 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாட்களுக்குள் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு.

தரவுச் சட்டத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழுவின் 2018 வரைவிலும் 2019 மசோதாவிலும் பத்திரிகைப் பணிக்கு விலக்கு இருந்தது. 2023-இல் நிறைவேறிய சட்டத்தில் அது இல்லை. ஒருவரைப் பற்றிய தரவைக் கையாள அவரிடமே ஒப்புதல் கேட்க வேண்டும் என்பது பொது விதி. ஊழல் செய்தவரிடம் ஒப்புதல் வாங்கிவிட்டு ஊழலை எழுதுவது எப்படி? விதிமீறலுக்கு அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். சம்பந்தப்பட்டவரே பொதுவெளியில் வைத்த தகவலுக்கும் சட்டப்படி வெளியிட வேண்டிய தகவலுக்கும் மட்டும் சட்டம் பொருந்தாது. ரகசியமாகக் கிடைக்கும் ஆவணத்துக்கு இந்த நிழல் இல்லை.

கைபேசிக்குள் நுழையும் கண்

2021 ஜூலையில் வெளியான, பெகாசஸ் என்ற உளவு மென்பொருள் பற்றிய புலனாய்வு, பாரிஸின் ஃபர்பிடன் ஸ்டோரிஸ் அமைப்பின் ஒருங்கிணைப்பில் பல நாட்டுச் செய்தி நிறுவனங்கள் சேர்ந்து செய்தது. இந்தியாவில் இலக்காக இருக்கக்கூடிய எண்களில் பத்திரிகையாளர்களுடையவையும் இருந்தன. மூத்த பத்திரிகையாளர்கள் என். ராம், சசிகுமார் உள்ளிட்டோர் உச்ச நீதிமன்றம் சென்றனர். நீதிமன்றம் அமைத்த குழு 29 கைபேசிகளை ஆராய்ந்து, ஐந்தில் தீங்கு மென்பொருள் இருப்பதாகச் சொன்னது. அது பெகாசஸ்தான் என்று உறுதிப்படுத்த முடியவில்லை. மத்திய அரசு ஒத்துழைக்கவில்லை என்பதையும் நீதிமன்றம் பதிவு செய்தது.

உளவு மென்பொருள் இல்லாமலும் கைபேசி போய்விடும். அண்ணா பல்கலைக்கழக பாலியல் வன்கொடுமை வழக்கின் முதல் தகவல் அறிக்கை கசிந்த விவகாரத்தில், சிறப்புப் புலனாய்வுக் குழு பத்திரிகையாளர்களின் கைபேசிகளைக் கைப்பற்றியது. அவற்றைத் திருப்பித் தர 2025 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு நிருபரின் கைபேசியில் அவரை நம்பித் தகவல் சொன்னவர்களின் பெயர்கள் அத்தனையும் இருக்கின்றன. அது காவல் நிலைய மேசைக்குப் போன நாளிலிருந்து, அவரிடம் யாரும் எதுவும் சொல்லத் தயங்குவார்கள்.

பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா எனும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105-ஆவது பிரிவின்படி, சோதனையையும் பறிமுதலையும் ஒலி, ஒளிப்பதிவு செய்ய வேண்டும். கைப்பற்றிய பொருட்களின் பட்டியலில் கையெழுத்துக் கேட்பவர்களிடம் நகலைக் கேட்டு வாங்க வேண்டும். கருவியின் ‘ஹாஷ்’ மதிப்பு, அதாவது உள்ளே இருக்கும் தரவு பின்னர் மாற்றப்பட்டதா என்று கண்டுபிடிக்க உதவும் எண், அதில் குறிக்கப்பட வேண்டும் என்று வற்புறுத்த வேண்டும். பத்திரிகையாளருக்குத் தகவல் தந்தவரின் அடையாளத்தைக் காக்க இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. 1978-இன் பத்திரிகை கவுன்சில் சட்டம், கவுன்சிலின் விசாரணையில் மட்டுமே மூலத்தைச் சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது.

வரைவிலேயே பேச வேண்டும்

இவையெல்லாம் அடி விழுந்த பிறகு செய்யும் வைத்தியம். விதி எழுதப்படும்போதே தலையிட்டால் பலன் உண்டு என்பதற்கும் சான்றுகள் இருக்கின்றன. 2015-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வெளியிட்ட ஆலோசனை அறிக்கையைத் தொடர்ந்து நெட் நியூட்ராலிட்டி, அதாவது எல்லாத் தளங்களையும் இணைய சேவை நிறுவனங்கள் சமமாக நடத்த வேண்டும் என்ற விவாதம் எழுந்தது. மீடியாநாமா செய்தித் தளத்தின் ஆசிரியர் நிகில் பாஹ்வா போன்றோர் புரியும்படி விளக்க, 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் ஆணையத்துக்குப் போயின. 2016 பிப்ரவரி 8 அன்று, தளத்துக்குத் தளம் வேறு கட்டணம் வசூலிப்பதை டிராய் தடை செய்தது.

விதி வந்த பிறகு நீதிமன்றத்தை நாடியவர்களும் உண்டு. 2021-இன் தகவல் தொழில்நுட்ப விதிகளை எதிர்த்து டிஜிட்டல் செய்தி நிறுவனங்களின் சங்கமும் இசைக்கலைஞர் டி.எம். கிருஷ்ணாவும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்றனர். அரசைப் பற்றிய செய்தி பொய்யா என்று அரசே தீர்மானிக்கும் உண்மை சரிபார்ப்புப் பிரிவை எதிர்த்து நகைச்சுவைக் கலைஞர் குணால் காம்ராவும் எடிட்டர்ஸ் கில்டும் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வழக்காடினர். 2024 செப்டம்பரில் அந்த விதி செல்லாது என்று ஆனது. யூடியூபில் செய்தி சொல்பவர்களையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரும் ஒளிபரப்பு மசோதாவின் புதிய வரைவு, 2024 ஜூலையில் தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும் தரப்பட்டது. அதைப் பத்திரிகையாளர்கள் வெளியே சொன்ன பிறகு, புதிதாகக் கலந்தாலோசனை நடக்கும் என்று தகவல் ஒளிபரப்பு அமைச்சகம் ஆகஸ்டில் அறிவித்தது.

வரைவுச் சட்டங்களைக் குறைந்தது 30 நாட்கள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பது மத்திய அரசின் 2014-ஆம் ஆண்டுக் கொள்கை. டிராய் தனக்கு வரும் கருத்துகளை இணையதளத்தில் வெளியிடுகிறது. தரவுச் சட்டத்தின் வரைவு விதிகளுக்கு 2025-இல் வந்த கருத்துகளோ எவருக்கும் காட்டப்பட மாட்டா என்று மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் முன்கூட்டியே சொல்லிவிட்டது. யார் என்ன கேட்டார்கள், எதை அரசு ஏற்றது என்பது மூடிய கோப்பாகவே இருக்கிறது.

புலனாய்வுக்குப் பணமும் வேண்டும்; அந்த வழியையும் விதிகளே அடைக்கின்றன. புலனாய்வுக்காகவே இயங்கும் ரிப்போர்ட்டர்ஸ் கலெக்டிவ் அமைப்பின் வரிவிலக்குத் தகுதியை 2025 ஜனவரியில் வருமான வரித் துறை ரத்து செய்தது. பத்திரிகைப் பணி பொதுநலப் பணி ஆகாது என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. விளம்பரத்தை நம்ப முடியாத, நன்கொடைக்கும் வழி அடைபடும் தளங்களுக்கு மிஞ்சியிருப்பது வாசகர் கட்டும் சந்தா.

வரைவு நிலையில் தலையிடும் வாய்ப்பு தரவுச் சட்டத்தில் இன்னும் இருக்கிறது. அதன் முக்கியப் பிரிவுகள், 2025 நவம்பர் அறிவிப்பின்படி 18 மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வருகின்றன. பத்திரிகைப் பணிக்கு விலக்கு கேட்க இந்த இடைவெளிதான் நேரம். குறிப்பிட்ட வகையினருக்குச் சில பிரிவுகளிலிருந்து விலக்கு அளிக்க 17(5) பிரிவு மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. சட்டம் தொடங்கிய நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் ஓர் அறிவிக்கையில் இதைச் செய்துவிடலாம். மாவட்டப் பத்திரிகையாளர் சங்கங்களும் வாசகர் வட்டங்களும் மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கு எழுதலாம். தங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் மனு கொடுத்து, அவையில் கேள்வி எழுப்பச் சொல்லலாம். அனுப்பிய கடிதத்தைத் தங்கள் இதழிலேயே வெளியிடலாம்.