கனவு நம் கட்டுப்பாட்டுக்குள் வருமா?

கடலில் மூழ்கிக்கொண்டிருப்பதாக ஒருவர் கனவு காண்கிறார். மூச்சு முட்டுகிறது. திடீரென்று, "அட, இது கனவுதானே!" என்ற எண்ணம் எழுகிறது. அச்சம் விலகுகிறது, ஆனால் தூக்கம் கலையவில்லை. கனவும் தொடர்கிறது. உங்களில் பலருக்கும் இப்படி ஒருமுறையாவது நேர்ந்திருக்கலாம்.

ஆங்கிலத்தில் இதை 'லூசிட் ட்ரீம்' என்கிறார்கள். தமிழில் விழிப்புணர்வுக் கனவு எனலாம். பயிற்சி செய்தால் இதை வரவழைக்கலாம், கனவை விரும்பியபடி மாற்றலாம் என்று சொல்லும் காணொளிகளும் மொபைல் செயலிகளும் இன்று ஏராளம். நம் வீட்டுப் பிள்ளைகளும் அவற்றைப் பார்க்கிறார்கள். இது உண்மையா? இதில் ஈடுபடலாமா? இரண்டையும் பார்ப்போம்.

ஆய்வுக்கூடத்தில் கிடைத்த சான்று

நம் உறக்கம் ஏறத்தாழ 90 நிமிடச் சுற்றுகளாக அமைகிறது. ஒவ்வொரு சுற்றின் இறுதியிலும் மூடிய இமைக்குள் விழிகள் வேகமாக அசையும் ஒரு கட்டம் உண்டு. 1953ல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை உலகுக்கு அறிவித்தார்கள். தெளிவான கனவுகள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் வருகின்றன. அப்போது கை கால் தசைகள் செயலிழந்து கிடக்கும். விழிகள் மட்டும் அசையும். இரவு நீள நீள இந்தக் கட்டமும் நீளும். விடியற்காலைக் கனவுகள் அதிகம் நினைவில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

விழி அசைவதையே சான்றாக்கினார் இங்கிலாந்தின் கீத் ஹெர்ன். 1975ல் ஹல் பல்கலைக்கழகத்தில் ஆலன் வோர்ஸ்லி என்பவரைக் கருவிகள் பொருத்தி உறங்க வைத்தார். "கனவு என்று உணர்ந்ததும் விழிகளை இடமும் வலமுமாக அசையுங்கள்" என்று முன்கூட்டியே பேசிவைத்திருந்தார்கள். உறக்கத்திலிருந்தே அந்த சைகை வந்து பதிவானது. சில ஆண்டுகள் கழித்து அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் லாபெர்ஜும் தனியாக இதே முடிவை எட்டினார். 2021ல் வெளியான ஓர் ஆய்வில், உறங்குபவரிடம் எட்டிலிருந்து ஆறைக் கழிக்கச் சொன்னபோது, விழி அசைவாலேயே இரண்டு என்று பதில் தந்தார். ஆகவே இது வெறும் கட்டுக்கதை அல்ல.

பயிற்சி என்பது என்ன?

பரவலாகச் சொல்லப்படும் முறைகள் மூன்று. ஒன்று, பகலில் பலமுறை "இது கனவா, நனவா?" என்று சோதிப்பது. ஒரு வரியைப் படித்துவிட்டு, பார்வையை விலக்கி மீண்டும் படிப்பார்கள். கனவில் எழுத்துகள் மாறிப்போகும். இரண்டு, ஐந்து மணி நேரம் உறங்கியபின் எழுந்து, சிறிது நேரம் விழித்திருந்து மறுபடி உறங்குவது. மூன்று, அப்படி மறுபடி உறங்கும்போது, "அடுத்த கனவில் இது கனவு என்பதை நினைவுகொள்வேன்" என்று மனத்தில் உறுதியாகச் சொல்லிக்கொள்வது.

பலன் எவ்வளவு? ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக்கழகம் 2017ல் வெளியிட்ட ஆய்வில், மூன்று முறைகளையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு ஒரு வாரத்தில் ஏறக்குறைய 17 சதவீத முயற்சிகளே பலித்தன. கனவு என்று உணர்வது ஒன்று, அதை விரும்பியபடி நடத்துவது வேறு. முன்னது கைகூடினாலும் பின்னது பலருக்குக் கைகூடுவதில்லை.

இப்னு கல்தூன் சொன்ன பதில்

இந்த வேறுபாட்டை ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே அழகாக விளக்கியவர் இப்னு கல்தூன் (ரஹ்). 1377ல் எழுதிய 'முகத்திமா'வில், விரும்பிய கனவைக் காண்பதற்காக உறங்கும் முன் சொல்லப்படும் 'ஹாலூமா' என்ற சொற்களைக் குறிப்பிடுகிறார். தாமே அதன்மூலம் வியப்பான கனவுகள் கண்டதாகவும் சொல்கிறார். ஆனாலும், நாடினால் கனவு வந்துவிடும் என்பதற்கு இது ஆதாரமாகாது என்கிறார். அது உள்ளத்தைத் தயார்படுத்துகிறது, அவ்வளவே. ஒன்றுக்குத் தயாராகும் ஆற்றல் வேறு. அந்த ஒன்றின் மீதான ஆற்றல் வேறு என்பது அவர் கருத்து.

அந்தச் சொற்கள் சூனிய நூல்களிலிருந்து வந்தவை. நமக்கு அவை வேண்டாம். அவர் எட்டிய முடிவுதான் நமக்குப் பயன்படும்.

மார்க்கத்தின் அளவுகோல்

கனவுகள் மூன்று வகை என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தார்கள். அல்லாஹ்விடமிருந்து வரும் நற்செய்தி, ஷைத்தான் தரும் கவலை, மனிதன் தன் உள்ளத்தோடு பேசிக்கொள்வது. பயிற்சியால் நாமே வரவழைக்கும் கனவு இந்த மூன்றாம் வகையில் சேரும் என்பதே பொருத்தம். நாமே எழுதிக்கொண்ட கடிதத்தை மேலிடத்து உத்தரவு என்று யாரும் சொல்வதில்லை அல்லவா?

இங்கேதான் கவனம் தேவை. திருமணம், வியாபாரம் போன்றவற்றில் இஸ்திகாரா தொழுதுவிட்டு, கனவு வந்தால்தான் முடிவு என்று பல குடும்பங்கள் காத்திருக்கின்றன. இஸ்திகாராவைக் கற்றுத்தரும் ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பில் கனவு பற்றிய பேச்சே இல்லை. தொழுது, துஆ செய்து, விசாரித்து, ஆலோசித்துச் செயல்படுவதே வழி. ஒன்றையே நினைத்துக்கொண்டு உறங்கினால் அதுவே கனவில் வரலாம். அதை வைத்து ஒரு பெண்ணின் வாழ்வை முடிவு செய்வது நீதியாகுமா? காணாத கனவைக் கண்டதாகச் சொல்வதோ கடும் எச்சரிக்கைக்குரிய பாவம்.

யாருக்குப் பயன், யாருக்குத் தீங்கு?

ஒரே கொடுங்கனவு திரும்பத் திரும்ப வந்து வதைப்பவர்களுக்கு, விழித்திருக்கும்போதே அந்தக் கனவின் முடிவை நல்லவிதமாக மாற்றி, தினமும் மனத்தில் ஓட்டிப் பார்க்கும் சிகிச்சையை மருத்துவர்கள் தருகிறார்கள். இதை நாடுவதில் தவறில்லை. கெட்ட கனவு கண்டால் இடப்புறம் மூன்று முறை இலேசாக உமிழ்ந்து, அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடி, புரண்டு படுத்து, அதை யாரிடமும் சொல்லாமல் இருக்கும் சுன்னத்தையும் சேர்த்துக் கடைப்பிடிக்கலாம்.

வேடிக்கைக்காக இரவுதோறும் உறக்கத்தைக் குலைத்துக்கொள்வது வேறு விஷயம். பகலில் சோர்வு, ஃபஜ்ருக்கு எழ இயலாமை ஆகியவை இதன் விளைவுகள். விழித்தும் உடல் அசையாமல் கிடக்கும் நிலையும் சிலருக்கு வரும்; 'அமுக்குவான் பேய்' என்று நம் ஊரில் சொல்வார்களே, அது பேயல்ல, இதுதான். கனவையும் நனவையும் பிரித்தறிவதில் சிக்கல் உள்ள மனநோயாளிகள் இந்தப் பயிற்சியின் பக்கமே போகக் கூடாது.

நற்கனவுக்குத் தயாராகும் வழியையும் மார்க்கம் காட்டித்தந்துள்ளது. உளூவுடன் படுப்பது, துஆ ஓதுவது, பகலில் உண்மை பேசுவது. பேச்சில் உண்மையாளரே கனவிலும் உண்மையாளர் என்பது நபிமொழியின் கருத்து. தயாராவது நம் வேலை. தருவது அல்லாஹ்வின் நாட்டம்.