பெருகும் இரத்தத்தை நிறுத்தும் கட்டு

சென்னையிலிருந்து அரக்கோணம் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில் திருவள்ளூரைத் தாண்டியதும் வருகின்ற கடம்பத்தூர், வயல்களும் தொழிற்கூடங்களும் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் ஊர். இவ்வூரிலிருந்தும் இதைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்தும் விடியற்காலையிலேயே புறப்படும் ஆண்களும் பெண்களும், காக்களூர்த் தொழிற்பேட்டைக்கும் திருமழிசைக்கும், மாவட்டத்தின் வடகோடியில் ஆந்திர எல்லையை ஒட்டியிருக்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்துக்கும் சென்று, தகட்டை வெட்டி வளைக்கும் பவர் பிரஸ், இரும்பைக் கடையும் லேத், நொடிக்கு நொடி தீப்பொறி சிந்தும் கிரைண்டர் ஆகியவற்றின் எதிரே நின்று நாள்முழுதும் உழைக்கிறார்கள். அந்த உழைப்பாளிகளின் கையும் காலும் உயிரும் ஒரு கணத்தில் அபாயத்துக்கு உள்ளாகும்போது, அருகில் நிற்பவர் செய்யக்கூடியது என்ன என்பதை ஒவ்வொரு தொழிலாளியும் ஒவ்வொரு முதலாளியும் அறிந்திருத்தல் அவசியம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சில நிமிஷங்களின் கணக்கு

வளர்ந்த மனித சரீரத்தில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் ஓடுகிறது. அதில் நூற்றுக்கு 40 பங்கு வெளியேறிவிட்டால் பிராணனுக்கே ஆபத்து. தொடையில் ஓடும் பெரிய தமனி அறுபட்டால், அந்த அளவு இரத்தம் வெளியேறச் சில நிமிஷங்களே போதும். 2008-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் இயங்கிவரும் 108 ஆம்புலன்ஸ் சேவை எண்ணற்ற உயிர்களைக் காத்திருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆயினும் எவ்வளவு விரைந்து வரும் வண்டியும் அந்த முதல் சில நிமிஷங்களுக்குள் வந்து சேர இயலாது. ஆகவே பெருங்காயம் பட்டவனுக்கு முதல் வைத்தியன், அடுத்த மெஷினில் வேலை செய்துகொண்டிருக்கும் சக தொழிலாளியே. டாக்டரின் திறமையும் மருத்துவமனையின் வசதிகளும் பயன்படுவதற்கு, அவர்களிடம் உயிரோடு கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு அவன் கையில் இருக்கிறது.

எந்தக் காயத்துக்கு வேண்டும், எதற்கு வேண்டாம்

டூர்னிகெட் என்பது கையையோ காலையோ சுற்றி இறுக்கி, அதற்கு அப்பால் செல்லும் இரத்த ஓட்டத்தை முழுமையாக நிறுத்தும் பட்டை. எல்லா இரத்தக் காயத்துக்கும் அதைத் தேடி ஓடவேண்டியதில்லை. காயத்தின் மேல் சுத்தமான துணியை வைத்து, இரு கைகளாலும் உடல் பாரத்தைக் கொடுத்து விடாமல் அழுத்திப் பிடிப்பதே முதற்கண் செய்யவேண்டிய சிகிச்சை. பெரும்பாலான காயங்கள் இதற்கே அடங்கிவிடும். இரத்தம் பீறிட்டு அடிப்பது, தரையில் குளமாகத் தேங்குவது, வைத்த துணி நனைந்து நனைந்து ஊறுவது, கையோ காலோ துண்டாகிப் போவது, காயம்பட்டவர் நினைவு தடுமாறி வெளிறிப்போவது ஆகிய இவற்றில் ஏதேனும் ஒன்று காணப்பட்டால், அப்போது டூர்னிகெட்டைப் பிரயோகிப்பதில் ஒரு விநாடியும் தயங்கலாகாது.

நம் பகுதியின் பிரஸ் கூடங்களில் மிக அதிகமாக நேர்வது விரல் காயங்கள் ஆகையால், இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்லவேண்டியிருக்கிறது. விரல் நசுங்கினாலும் துண்டானாலும், அதற்குத் துணி வைத்து அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வைப்பதே பெரும்பாலும் போதுமானது. விரலின் அடியில் நூலையோ ரப்பர் பாண்டையோ கம்பியையோ இறுகக் கட்டுவதால் மிஞ்சியிருக்கும் சதையும் நரம்பும் சேதமடையுமே அன்றி நன்மை விளையாது. காயத்தில் காபித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு, சாம்பல் முதலியவற்றை அப்புவதும், மெஷின் துடைத்த எண்ணெய் வேஸ்ட்டை வைத்துக் கட்டுவதும் அறவே தவிர்க்கவேண்டிய பழக்கங்கள்.

கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் டூர்னிகெட் கட்ட இயலாது. அங்கே சுத்தமான துணியைக் காயத்தின் ஆழம்வரை திணித்து, அதன்மேல் விடாது அழுத்தவேண்டும். கழுத்தில் மட்டும் மூச்சுக்குழல் நெருக்கப்படாதவாறு காயத்தின் மேல் மட்டும் அழுத்தவேண்டும். மார்பிலோ வயிற்றிலோ பட்ட காயத்தின் உள்ளே நிகழும் இரத்தப்போக்கை வெளியிலிருந்து எந்தக் கட்டாலும் நிறுத்த இயலாது; அவ்வாறு காயம்பட்டவர்களை விரைந்து மருத்துவமனைக்கு அனுப்புவதொன்றே வழி.

அச்சமும் தெளிவும்

இரத்தத்தை நிறுத்தும் கலை மிகப் பழமையானது. நம் நாட்டின் பண்டைய வைத்திய நூலான சுசுருத சம்ஹிதையே இரத்தத்தை நிறுத்தும் முறைகளை நான்காக வகுத்துக் கூறுகிறது. திருகுகளால் இறுக்கும் கருவியை 1718-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறுவை வைத்தியர் ழான் லூயி பெத்தி அறிமுகம் செய்தார். ரப்பர்ப் பட்டையை 1873-ஆம் ஆண்டில் ஜெர்மானியர் எஸ்மார்க் பரவச் செய்தார். எனினும் முதல் உலகப் போரில், கட்டிய கட்டு அவிழ்க்கப்படாமலே பல மணி நேரம் கிடந்த வீரர்கள் அவயவங்களை இழந்த அனுபவத்தால், 'டூர்னிகெட் கட்டினால் கையை வெட்டவேண்டியதுதான்' என்ற பீதி மருத்துவ உலகில் நீண்டகாலம் நிலைபெற்றது.

அந்தப் பீதியைக் களைந்தது புதிய அனுபவமே. 2006-ஆம் ஆண்டில் பாக்தாத் நகரத்தில் இயங்கிய அமெரிக்க இராணுவ மருத்துவமனையில், கை கால்களில் டூர்னிகெட் கட்டப்பட்ட 232 பேரை டாக்டர் ஜான் கிராக் முதலியோர் ஆராய்ந்தனர். இரத்த இழப்பால் அதிர்ச்சி நிலை (ஷாக்) ஏற்படுவதற்கு முன்பே கட்டப்பட்டவர்களில் நூற்றுக்கு 90 பேர் அளவில் பிழைத்தனர். அதிர்ச்சி நிலை வந்தபின் கட்டப்பட்டவர்களிலோ நூற்றுக்கு 10 பேர் அளவிலேயே பிழைத்தனர். டூர்னிகெட் கட்டியது ஒன்றையே காரணமாகக் கொண்டு எவரும் ஓர் அவயவத்தை இழந்ததாக அவ்வாராய்ச்சியில் காணப்படவில்லை. அவசரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு உட்பட்ட கட்டு பொதுவாக அபாயமற்றது என்பதும், அஞ்சித் தாமதிப்பதே மரணத்தை அழைப்பது என்பதும் இதனால் தெளிவாகும்.

நல்ல பட்டையைத் தேர்ந்தெடுத்தல்

நல்ல டூர்னிகெட்டுக்கு முதல் இலக்கணம் அகலம். குறுகிய பட்டை சதையை அறுக்குமே அன்றித் தமனியை நெரிக்காது. அகன்ற பட்டையோ குறைந்த அழுத்தத்திலேயே இரத்தத்தை நிறுத்தும். நாலு சென்டிமீட்டர் அளவேனும் அகலமுள்ள பட்டையும், அதை முறுக்குவதற்கு உறுதியான ஒரு திருகுகோலும், முறுக்கியபின் அக்கோல் திரும்பி அவிழாமல் பிடித்துவைக்கும் கொக்கியும், கட்டிய நேரத்தைக் குறிக்க ஓர் இடமும் உள்ள கருவியே தகுதியானது. ஒரு கை காயம்பட்டால் மறுகையாலேயே தனக்குத்தானே கட்டிக்கொள்ளக் கூடியதாகவும் அது இருக்கவேண்டும்.

பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் மலிவான போலிகள் சந்தையில் நிறைய விற்கின்றன. இறுக்கும் சமயத்தில் அவற்றின் பிளாஸ்டிக் கோல் முறிந்துவிடுவதும் தையல் பிரிந்துவிடுவதும் உண்டு. ஆகையால் நம்பகமான மருத்துவ உபகரண விற்பனையாளரிடம், இராணுவத்திலோ ஆம்புலன்ஸ் சேவையிலோ சோதித்து ஏற்கப்பட்ட வகையைக் கேட்டு வாங்கவேண்டும். இரத்தப் பரிசோதனைக்கு ஊசி போடும்போது முழங்கையின் மேலே கட்டும் ரப்பர்ப் பட்டை இதற்கு ஒருபோதும் ஈடாகாது. வாங்கியதை வெயிலிலோ எண்ணெய் படும் இடத்திலோ போடாமல், மேலுறையைப் பிரித்து, வளையமாக மடித்து, பூட்டில்லாத முதலுதவிப் பெட்டியில் உடனே எடுக்கத்தக்கவாறு வைக்கவேண்டும். பயிற்சிக்கென்று தனியாக ஒன்று இருக்கட்டும். பயிற்சியில் பலமுறை இழுத்து முறுக்கியதை ஆபத்துக்கு நம்பலாகாது.

கட்டும் முறை

உதவப் போகிறவர் முதலில் மெஷினையும் மின்சாரத்தையும் நிறுத்தித் தம்மையும் காத்துக்கொள்ளவேண்டும். கையுறை இல்லாவிடில் பிளாஸ்டிக் உறையேனும் மாட்டிக்கொள்ளலாம். ஒருவர் 108-க்குத் தகவல் சொல்ல, மற்றொருவர் காயத்தை அழுத்திப் பிடிக்க, மூன்றாமவர் பட்டையைக் கட்டுவது உத்தமமான ஏற்பாடு.

காயத்துக்கு மேலே, உடலை நோக்கி, 5 முதல் 7 சென்டிமீட்டர் தள்ளிக் கட்டவேண்டும். முழங்கை, முழங்கால் ஆகிய மூட்டுகளின் மீது கட்டாமல் அவற்றைத் தாண்டி மேலே கட்டவேண்டும். இரத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாவிட்டால், உடையைக் கழற்றிக்கொண்டிராமல் அதன்மேலேயே, கையாயின் தோளருகிலும் காலாயின் தொடையின் மேற்பகுதியிலும் கட்டலாம். அந்த இடத்தில் சட்டைப் பையிலோ கால்சட்டைப் பையிலோ சாவி, செல்போன் முதலியவை இருந்தால் எடுத்துவிடவேண்டும். முதலில் பட்டையின் தொளதொளப்பு முழுதும் போக இழுத்துக் கட்டி, பின்னரே கோலைத் திருகவேண்டும். இரத்தம் நிற்கும்வரை திருகி, கோலைக் கொக்கியில் மாட்டிவிட்டு, கட்டிய நேரத்தைப் பட்டையிலோ காயம்பட்டவரின் நெற்றியிலோ எழுதவேண்டும்.

இவ்விடத்தில் இரண்டு பெருந்தவறுகள் நேர்கின்றன. காயம்பட்டவர் வலியால் கதறுவதைக் கண்டு இரக்கப்பட்டுத் தளர்த்துவது முதலாவது. முறையாகக் கட்டிய கட்டு கடுமையாக வலிக்கத்தான் செய்யும், அந்த வலியைப் பொறுக்கச் சொல்லி ஆறுதல் கூறவேண்டுமே அன்றி இறுக்கத்தைக் குறைக்கலாகாது. அரைகுறையாக இறுக்குவது இரண்டாவது. அது நாளங்களின் வழி திரும்பும் இரத்தத்தை மட்டும் தடுத்து, தமனியின் வழி பாயும் இரத்தத்தை விட்டுவிடுவதால், இரத்தப்போக்கு முன்னினும் மிகுந்துவிடுகிறது. ஒரு பட்டையால் நிற்காவிடில் அதற்கு மேலே அதை ஒட்டி இரண்டாவதைக் கட்டவேண்டும். சற்று நேரத்துக்கொருமுறை அவிழ்த்துக் கட்டும் பழைய வழக்கம் மிகவும் அபாயகரமானது. கட்டியதை அவிழ்ப்பவர் டாக்டராகவே இருக்கவேண்டும். கட்டை மூடி மறைக்காமல், காயம்பட்டவரைப் படுக்கவைத்து, போர்த்தி, உண்ணவோ பருகவோ எதுவும் கொடுக்காமல் மருத்துவமனைக்கு அனுப்பவேண்டும்.

கருவி இல்லாதபோது

தயாரித்த டூர்னிகெட் கைக்கு எட்டாத இடத்தில், துண்டையோ துப்பட்டாவையோ நாலைந்து சென்டிமீட்டர் அகலமாக மடித்துச் சுற்றி முடிச்சிட்டு, அம்முடிச்சின்மேல் ஒரு ஸ்பானரையோ உறுதியான கோலையோ வைத்து மறுபடி முடிந்து திருகி, அந்தக் கோல் அவிழாதவாறு இன்னொரு துணியால் கட்டிவைக்கலாம். இது இரண்டாந்தரமான உபாயமே. பலமுறை தோற்பதும் உண்டு. ஆகையால் துணியைத் தேடும் வேளையிலும் காயத்தின் மேலுள்ள அழுத்தத்தை விடலாகாது. கம்பி, கயிறு, ஷூ லேஸ் முதலிய மெல்லிய பொருள்களை எக்காரணத்தாலும் பயன்படுத்தக் கூடாது.

துண்டான அவயவத்தைக் காத்தல்

துண்டான விரலையோ கையையோ தேடி எடுத்து, சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, நீர் புகாத பிளாஸ்டிக் பையில் இட்டு, அந்தப் பையைப் பனிக்கட்டி கலந்த தண்ணீரில் வைத்துக் காயம்பட்டவருடனேயே அனுப்பவேண்டும். பனிக்கட்டி நேராகத் தசையில் பட்டால் தசை வெந்ததுபோல் கெட்டுவிடும். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1971-ஆம் ஆண்டில் டாக்டர் ஆர். வெங்கடசாமி தோற்றுவித்த கை அறுவைச் சிகிச்சைத் துறை, வடசென்னையின் தொழிலாளர்களுக்கும் நம் பகுதியின் தொழிலாளர்களுக்கும் பெருங்கொடையாக விளங்கிவருகிறது. ஆனால் துண்டான பாகத்தைத் தேடுவதற்காக உயிருள்ளவரின் இரத்தத்தை நிறுத்துவதில் தாமதம் நேரவே கூடாது.

பாம்புக்கடிக்கு இந்தக் கட்டு ஆகாது

கடம்பத்தூரைச் சூழ்ந்த வயல்களில் வேலை செய்வோர் இதைத் தனியே மனத்தில் கொள்ளவேண்டும். பாம்பு கடித்த இடத்துக்கு மேலே கயிற்றால் இறுகக் கட்டுவது நம் நாட்டில் மிகத் தொன்மையான வழக்கம். சுசுருத சம்ஹிதையிலும் அது சொல்லப்பட்டிருக்கிறது. இன்றைய மருத்துவமோ அதை விலக்குகிறது. அந்தக் கட்டு விஷம் பரவுவதை நம்பத்தக்கவாறு தடுப்பதில்லை; அதோடு, விரியன் கடியில் ஏற்கெனவே வீங்கி அழுகத் தொடங்கும் சதையை இன்னும் கேடுறச் செய்கிறது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல், மனத்துணிவு சொல்லி, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு விரைவதே நெறி. எவரேனும் முன்னரே கட்டியிருந்தால், வழியில் சட்டென்று அவிழ்க்காமல் டாக்டரின் முன்னிலையில் அவிழ்க்கவேண்டும்.

தொழிற்கூடத்தின் கடமை

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தன் 45-ஆம் பிரிவில், 150 தொழிலாளர்களுக்கு ஒன்றுக்குக் குறையாமல் முதலுதவிப் பெட்டிகள் இருக்கவேண்டும் என்றும், முதலுதவிப் பயிற்சிச் சான்று பெற்ற பொறுப்பாளர் ஒருவர் வேலை நேரம் முழுதும் கிடைக்கவேண்டும் என்றும், 500 பேருக்கு மேற்பட்டோர் வேலை செய்யும் ஆலையில் ஆம்புலன்ஸ் அறை வேண்டும் என்றும் விதித்தது. பத்துப் பன்னிரண்டு பேர் வேலை செய்யும் சிறு பட்டறைகளில் மெஷின்கள் பெரிய ஆலைகளைப் போலவே கூர்மையானவை. அங்கேயும் இந்த ஏற்பாடு சட்டத்துக்காக மட்டுமன்றி மனிதாபிமானத்துக்காகவும் இருக்கவேண்டும்.

தொழிற்கூடத்துக்கு வெளியே, சாலையில் விபத்துக்குள்ளானவர்களுக்கு உதவ அஞ்சுவோரும் நம்மிடையே உண்டு. நல்லெண்ணத்தோடு உதவுவோரைப் போலீஸ் விசாரணையும் வழக்கும் அலைக்கழிக்கலாகாது என்று 2016-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டமும் அவர்களுக்குப் பாதுகாப்பளிக்கிறது. 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம், சாலை விபத்தில் காயமுற்றவர்களின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. ஆகவே கைகொடுக்கத் தயங்குவதற்குக் காரணமில்லை.

தொழிற்கூடங்களை நடத்துவோரிடம் நான் வேண்டுவது இதுதான்: ஒவ்வொரு ஷிஃப்டிலும் குறைந்தது இருவர் டூர்னிகெட் கட்டப் பழகியிருக்கட்டும், அந்தப் பட்டை பெட்டியில் எங்கே இருக்கிறது என்பதை அங்கே புதிதாக வேலைக்குச் சேரும் வடநாட்டுத் தொழிலாளி உட்பட எல்லோரும் அறியட்டும், மாதத்தில் ஒரு நாள் சிறிது நேரம் மெஷின்களை நிறுத்திவைத்து அதை ஒருவருக்கொருவர் கட்டிப் பார்க்கட்டும். தொழிலாளர்களிடம் வேண்டுவது, அந்தப் பயிற்சியை உரிமையாகக் கேட்டுப் பெறவேண்டும் என்பது. இரத்தம் பெருகும் அந்தச் சில நிமிஷங்களில் ஒருவரைக் காப்பது அருகிலிருப்பவரின் பயின்ற கையே ஆதலால், அந்தக் கையை இன்றே பழக்குவது நம் எல்லோருடைய கடமை.