பார்க்கின்சன் நோயாளரின் வாழ்க்கைத் தரத்தை அறிதல்

நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோயை 1817ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விரிவாக விளக்கினார். மூளையில் டோபமைன் சுரக்கும் உயிரணுக்கள் படிப்படியாக அழிவதால் நடுக்கம், தசை இறுக்கம், இயக்கத் தளர்ச்சி ஆகியவை தோன்றுகின்றன. இவற்றை மருத்துவர் நேரில் காண்பார். மனச்சோர்வும் கூச்சமும் தனிமையும் அவ்வாறு எளிதில் புலப்படுவதில்லை. அவற்றையும் அறியவே வாழ்க்கைத் தர வினாப்பட்டியல்கள் உதவுகின்றன.

பிடிகியூ-39

ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் 1995இல் வெளியிட்ட இப்பட்டியலில் 39 வினாக்கள் உள்ளன. கடந்த ஒரு மாதத்தில் ஓர் இன்னல் எத்தனை முறை நேர்ந்தது என்று அவை வினவுகின்றன. அவற்றின் பிரிவுகள் எட்டு: நடமாட்டம் (10), அன்றாடச் செயல்கள் (6), மனநலம் (6), நோயால் வரும் கூச்சம் (4), பிறர் ஆதரவு (3), நினைவும் கவனமும் (4), பேச்சு (3), உடல் வலியும் உபாதையும் (3). ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒரு வினா கொண்ட சுருக்கப் பட்டியலும் உண்டு.

மதிப்பெண்

'ஒருபோதும் இல்லை' என்பதற்கு 0, 'எப்போதும்' என்பதற்கு 4. ஒவ்வொரு பிரிவின் கூட்டுத்தொகையும் 0 முதல் 100 வரையான அளவுக்கு மாற்றப்படும். நடமாட்டத்தில் உச்ச அளவு 40. ஒருவர் 20 பெற்றால் அவரது மதிப்பெண் 50. எண் உயர்ந்தால் இன்னல் மிகுதி என்று பொருள். இருவரின் மொத்த மதிப்பெண் ஒன்றாக இருப்பினும் தேவை வேறுபடலாம். மாடிப்படி ஏற இயலாதவருக்கு இயன்முறைப் பயிற்சி வேண்டும். கை நடுங்குவதால் பிறர்முன் உண்ணக் கூசுபவருக்கு மன ஆறுதலும் ஆலோசனையும் வேண்டும். மனச்சோர்வு வாழ்க்கைத் தரத்தைப் பெரிதும் தாழ்த்துவதாகப் பல ஆய்வுகள் கண்டுள்ளன. அது சிகிச்சையால் தணியக்கூடியது.

குடும்பத்தார் கவனத்திற்கு

• விடையளிக்க வேண்டியவர் நோயாளரே. பிள்ளைகள் முன்னிலையில் முதியோர் "நன்றாக இருக்கிறேன்" என்று கூறிவிடக்கூடும். தனிமையில், அவசரமின்றிக் கேளுங்கள்.

• மருத்துவமனையில் உரையாடல் பர்மிய மொழியில் நிகழும். முதியவர் தமிழில் கூறியதைக் கூட்டாமலும் குறைக்காமலும் பெயர்த்துச் சொல்லுங்கள்.

• மாத்திரை உண்ட நேரத்தையும், உடல் இலகுவாகவும் இறுக்கமாகவும் இருந்த நேரங்களையும் குறித்துவையுங்கள்.

• மருத்துவரைக் கேளாமல் மாத்திரையைக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது. திடீரென நிறுத்துவது ஆபத்தானது.

யாங்கோன் பொது மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு உள்ளது. செல்லும்போது மேற்கண்ட எட்டுப் பிரிவுகளிலும் முதியவர் கூறியவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுதல் நலம். அடுத்த முறை அதனோடு ஒப்பிட்டால் சிகிச்சை பயன் தருகிறதா என்பது மருத்துவருக்கும் குடும்பத்தாருக்கும் தெளிவாகும்.