பன்னீர் பிழிந்த தண்ணீரில் எண்ணெய் விளையுமா?

ஆம்பூர் தோல் ஷூ வளைந்தாலும் ஏன் வெடிப்பதில்லை? பதனிடும்போது தோலுக்கு எண்ணெய் ஊட்டுகிறார்கள். இல்லையேல் காய்ந்து விறைத்துவிடும். அப்படியோர் எண்ணெய்யைப் பால் கழிவில் வளர்க்க முடியுமா?

முடியும். பன்னீர் பிழிந்த தண்ணீரில் நூற்றுக்கு நாலைந்து பங்கு பால் சர்க்கரை. ஆற்றில் விட்டால் நீரின் ஆக்சிஜனைக் குடித்துவிடும். தோல் கழிவால் பாலாறு பட்டது போதாதா!

ரொட்டி ஈஸ்ட்டால் இந்தச் சர்க்கரையைத் தின்ன முடியாது. கிரிப்டோகாக்கஸ் கர்வேட்டஸ் என்ற ஈஸ்ட் தின்னும்.

முதலில் அது பெருகும். பெருக நைட்ரஜன் வேண்டும். அது தீர்ந்ததும் பெருக்கம் நிற்கும், சர்க்கரையோ மிச்சமிருக்கும்.

என்ன செய்யும்? மகசூல் மிஞ்சினால் குதிரில் கொட்டி வைப்பீர்களே, அதேபோல் சர்க்கரையைக் கொழுப்பாக்கி உடலுக்குள் சேர்க்கும். உலர்ந்த எடையில் பாதிகூடக் கொழுப்பாகலாம்!

அந்த ஈஸ்ட் செல்லை உடைத்து எண்ணெய் பிரிப்பதுதான் செலவு பிடிக்கும் வேலை.