மர்மர் (திரைப்படம்)

மர்மர் 2025 மார்ச் 7 அன்று வெளியான தமிழ்த் திகில் திரைப்படமாகும். ஹேம்நாத் நாராயணன் இயக்கிய இப்படத்தில் ரிச்சி கபூர், தேவராஜ் ஆறுமுகம், சுகன்யா சண்முகம், யுவிகா ராஜேந்திரன் உள்ளிட்டோர் நடித்துள்ளனர். இது தமிழின் முதல் 'ஃபவுண்ட் ஃபுட்டேஜ்' படம் என விளம்பரப்படுத்தப்பட்டது. காணாமல்போனவர்களின் ஒளிப்படக்கருவியிலிருந்து பின்னர் கண்டெடுக்கப்பட்ட பதிவு என்ற பாவனையில் கதை சொல்லும் முறை இது.

கதைக்களம்

சவ்வாது மலைப் பகுதியில் வழங்கும் ஏழு கன்னிமார் நம்பிக்கையையும், மங்கை என்னும் சூனியக்காரியின் ஆவி குறித்த கதையையும் படம்பிடிக்க யூடியூபர்கள் சிலர் காட்டுக்குள் செல்கின்றனர். அங்கு அவர்களுக்கு நேர்வதே கதை.

வடிவம்

கதைமாந்தரின் கையிலுள்ள கருவி காண்பதை மட்டுமே பார்வையாளரும் காண்கிறார். சட்டகத்துக்கு வெளியே இருப்பது தெரியாததால் அச்சம் கூடுகிறது. பின்னணி இசை இல்லை. மூச்சு, காலடி, காட்டின் ஓசை ஆகியவையே அதன் இடத்தை நிரப்புகின்றன. ஆபத்திலும் ஒருவர் ஏன் படம்பிடித்துக்கொண்டே இருக்கிறார் என்பது இவ்வகைப் படங்கள் அனைத்தும் விடைகாண வேண்டிய கேள்வி. காணொளி எடுப்பதையே நோக்கமாகக் கொண்ட யூடியூபர்களைக் கதைமாந்தராக்கியது அதற்கு விடையாகிறது.

முன்னோடிகள்

அமெரிக்காவின் 'தி பிளேர் விட்ச் புராஜெக்ட்' (1999) இம்முறையை உலகெங்கும் பரப்பியது. பிரித்தானியாவில் 'தி பார்டர்லேண்ட்ஸ்' (2013) வெளியானது. பொதுமுடக்கக் காலத்தில் உருவான 'ஹோஸ்ட்' (2020) படத்தில் நடிகர்கள் தத்தம் வீடுகளிலிருந்தே தம்மைப் படம்பிடித்தனர். இந்தியில் 'ராகினி எம்எம்எஸ்' (2011) குறிப்பிடத்தக்கது. பெரிய அரங்கமும் விலையுயர்ந்த கருவிகளும் தேவைப்படாததால், குறைந்த செலவில் படமெடுப்போர் இவ்வடிவத்தை நாடுகின்றனர்.