குனிந்தால் தெரியும்!

டைனோசார்களைப் பற்றிப் படித்திருக்கும் உங்களில் பலருக்கு இகுவானோடான் என்னும் பெயர் தெரிந்திருக்கும். இங்கிலாந்தின் ஸஸெக்ஸ் பகுதியில் கிடைத்த சில புதைபடிவப் பற்களை ஆராய்ந்து, அவை அழிந்துபோன ஒரு மாபெரும் ஊர்வன விலங்கினுடையவை என்று கண்டு, 1825-இல் அதற்கு அப்பெயரைச் சூட்டியவர் கிடியன் மான்ட்டெல். தொழிலால் அவர் ஒரு மருத்துவர். பற்களைக் கொண்டே ஒரு விலங்கை ஊகித்தறிந்த அந்த மனிதருக்கு, தம் சொந்த முதுகெலும்பில் என்ன கோளாறு என்பது கடைசிவரை தெரியாமலே போயிற்று என்றால் நம்புவீர்களா?

1841-இல் மான்ட்டெல் ஒரு குதிரை வண்டி விபத்தில் சிக்கினார். அதன்பின் தீராத முதுகுவலி அவரைப் பிடித்துக்கொண்டது. இடுப்புக்குச் சற்று மேலே, முதுகெலும்பின் ஒரு பக்கத்தில் புடைப்பு ஒன்றும் தென்பட்டது. கட்டியாக இருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் எண்ணினர். அவரும் அப்படியே நம்பினார். வலி தாங்காமல் அபினை நாடினார். 1852-இல் அதுவே அவர் உயிரைக் கொண்டுபோயிற்று.

இறந்தபின் உடலை அறுத்துப் பார்த்தபோது கட்டி எதுவும் இல்லை! முதுகெலும்பின் கீழ்ப்பகுதி பக்கவாட்டில் வெகுவாக வளைந்து, முறுக்கிக்கொண்டும் இருந்தது. திரும்பிவிட்ட முள்ளெலும்புகளின் பக்க நீட்சிகள் தசையைப் பின்னுக்குத் தள்ளியதே அந்தப் புடைப்பு. இதை ஆராய்ந்த லண்டன் அறுவை மருத்துவர் வில்லியம் ஆடம்ஸைத் திகைக்க வைத்தது வேறொன்று. நம் முதுகின் நடுவே விரலால் தடவினால் மேடு மேடாகத் தட்டுப்படுகிறதே, அந்த முள்முனைகள் மான்ட்டெலுக்கு ஏறக்குறைய நேர்க்கோட்டிலேயே இருந்தன. முதுகு வளைந்திருக்கிறது என்ற ஐயமே யாருக்கும் எழாததில் வியப்பில்லை.

இது எப்படி முடியும்? முதுகெலும்பு பக்கவாட்டில் வளையும்போது ஒவ்வொரு முள்ளெலும்பும் தன் அச்சில் சற்றுத் திரும்பவும் செய்கிறது. முன்புறமுள்ள கனத்த உடற்பகுதி வளைவின் வெளிப்பக்கம் நோக்கித் திரும்புகிறது. பின்புறமுள்ள முனை உட்பக்கம் நோக்கித் திரும்புகிறது. ஆகவே உள்ளே வளைவு பெரிதாக இருந்தாலும் வெளியே தடவிப் பார்க்கும் முனைகள் அவ்வளவாக விலகுவதில்லை. நேராக நிற்கும் முதுகு பொய் சொல்லும்!

அந்தப் பொய்யை வெளிப்படுத்தும் வழியை ஆடம்ஸ் 1865-இல் வெளியிட்ட தம் விரிவுரைகளில் விளக்கினார். செலவே இல்லாத வழி. சட்டையைக் கழற்றிவிட்டு, பாதங்களைச் சேர்த்து, முழங்காலை மடக்காமல், இரு உள்ளங்கைகளையும் சேர்த்துத் தொங்கவிட்டபடி முன்னால் குனிய வேண்டும். பின்னாலிருந்து ஒருவர் முதுகின் மட்டத்தில் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். முள்ளெலும்பு திரும்பினால் அதனுடன் இணைந்த விலா எலும்புகளும் திரும்பும் அல்லவா? எனவே ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் தாழ்வாகவும் தெரியும். இன்று மருத்துவர்கள் கொத்தனாரின் ரசமட்டம் போன்ற ஒரு சிறு கருவியை முதுகின் குறுக்கே வைத்துச் சாய்வை அளக்கிறார்கள். 5 முதல் 7 பாகை அல்லது அதற்கு மேல் இருந்தால் எக்ஸ்-ரே எடுக்கச் சொல்வார்கள். எக்ஸ்-ரே படத்தில் வளைவு 10 பாகையோ அதற்கு மேலோ இருந்தால் அதற்கு ஸ்கோலியோஸிஸ் என்று பெயர்.

பயப்பட வேண்டாம். வளரிளம் பருவத்தினரில் 100-க்கு 2 அல்லது 3 பேருக்கு இது உண்டு. பெரும்பாலோருக்குச் சிகிச்சையே தேவைப்படாது. ஆனால் கிடுகிடுவென உயரம் கூடும் உங்கள் வயதில்தான் வளைவும் கூடும். அப்போதே கண்டுகொண்டால், நடுத்தர வளைவு மேலும் கூடாமல் தடுக்க உடலைத் தாங்கும் கச்சு பெரிதும் உதவுகிறது. வளர்ச்சி முடிந்தபின் கச்சால் பயனில்லை. (எல்லாவற்றுக்கும் புத்தகப் பையின் மேல் பழி போடுவது நம் வழக்கம். கனமான பை தோளை வலிக்கச் செய்யலாம். இந்த முறுக்கிய வளைவை அது உண்டாக்குவதாகச் சான்று கிடையாது.)

ஒரு தோள் தாழ்ந்திருந்தாலே ஸ்கோலியோஸிஸ் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஒரு கால் சற்றுக் குட்டையாக இருந்தாலும் முதுகு வளைந்து தோன்றும். நாற்காலியில் உட்கார வைத்தால் அந்த வளைவு மறைந்துவிடும். காலடியில் ஒரு மரப்பலகையை வைத்தாலும் மறையும். சோதனைச் சாலையில் ஒரு நிபந்தனையை மட்டும் மாற்றி விளைவைப் பார்க்கிறீர்களே, அதே முறைதான்.

இப்போது எழுந்து கண்ணாடி முன் ஒற்றைக் காலில் நில்லுங்கள். தூக்கிய காலின் பக்கம் இடுப்பு தொங்கவில்லை, பார்த்தீர்களா? ஊன்றிய காலின் பக்கத்து இடுப்புத் தசைகள் அதை இழுத்துப் பிடிக்கின்றன. அவை வலுவிழந்தால் மறுபக்கம் இடுப்பு இறங்கிவிடும். பிறவியிலேயே இடுப்பு மூட்டு விலகியவர்கள் வாத்துபோல் அசைந்து நடப்பதற்கு இதுவே காரணம் என்று ஜெர்மானிய மருத்துவர் ட்ரெண்டலன்பர்க் 1895-இல் காட்டினார். ரோண்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தது அவ்வாண்டின் நவம்பரில்தான். நோயாளிகள் நடப்பதைப் பின்னாலிருந்து கூர்ந்து பார்த்தே அவர் அதைக் கண்டார்.

வலியும் இடம் மாறிப் பொய் சொல்வதுண்டு. 10 முதல் 16 வயதுக்குள், சிலருக்குத் தொடை எலும்பின் மேல்முனை, வளர்ச்சித் தட்டில் மெல்ல நழுவத் தொடங்கும். கோளாறு இடுப்பில், வலியோ பல வேளைகளில் முழங்காலில்! இடுப்பு மூட்டுக்குச் செல்லும் நரம்பின் கிளையே முழங்காலுக்கும் செல்வதால் மூளை ஏமாந்துபோகிறது. முழங்காலை எக்ஸ்-ரே எடுத்தால் எந்தக் குறையும் தெரியாது. ‘சுளுக்குத்தான்’ என்று எண்ணெய் தடவிக்கொண்டு நொண்டி நடந்தால், எலும்பு மேலும் நழுவும். மல்லாக்கப் படுக்க வைத்துத் தொடையை வயிற்றை நோக்கி மடக்கும்போது, கால் நேராக வராமல் தானாக வெளிப்பக்கம் திரும்பினால் மருத்துவர் உண்மையைப் புரிந்துகொள்வார். உடனே நடப்பதை நிறுத்தச் சொல்லி, திருகாணி பொருத்தி எலும்பை நிலைநிறுத்துவார்கள்.

ஆகவே, முழங்கால் வலிக்காக நீங்கள் போயிருக்கும்போது மருத்துவர் உங்கள் இடுப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால், “வலி அங்கே இல்லை, டாக்டர்!” என்று அவசரப்படாதீர்கள். அவர் முடித்துவிட்டு முழங்காலுக்கும் வருவார்.