சுரங்கக் கழிவும் பாசன ஜலமும்
ஜின்ஸு நதி விவசாயிகளின் அனுபவம்

பாசன ஜலம் தெளிவாயிருந்தால் அது பயிருக்கும் மனிதருக்கும் ஏற்றதென்று கொள்வது பொதுவான வழக்கம். ஆனால் சுரங்கங்களுக்குக் கீழே ஓடும் ஆறுகளில், கண்ணுக்கும் நாவுக்கும் புலப்படாத உலோகங்கள் கலந்து வருவதுண்டு. அவற்றைக் காலத்தில் பரீக்ஷித்து அறியாமையால் விளையும் கேடு எத்தகையது, விவசாயிகளே முன்னின்று பரீக்ஷிப்பதால் உண்டாகும் நன்மை எத்தகையது என்னும் இரண்டிற்கும் ஜப்பான் தேசத்து ஜின்ஸு நதிப் பிரதேசம் சிறந்த திருஷ்டாந்தமாகும்.

நதியும் சுரங்கமும்

ஜின்ஸு நதி டொயாமா மாகாணத்து நெல்வயல்களுக்குப் பாய்ந்து கடலில் சேருகிறது. அதன் உபநதியாகிய டகஹாரா ஆற்றின் கரையில், மேலேயுள்ள கிஃபு மாகாணத்தில், கமியோக்கா சுரங்கம் அமைந்துள்ளது. மிட்ஸுயி கம்பெனியாரால் நடத்தப்பெற்ற இச்சுரங்கத்தில் துத்தநாகமும் ஈயமும் எடுக்கப்பட்டன. துத்தநாகக் கனியத்தோடு காட்மியம் என்னும் உலோகமும் சிறிதளவு சேர்ந்திருப்பது இயற்கை. கனியத்தை மாவாக அரைத்து வேண்டியதைப் பிரித்தபின் எஞ்சிய சேறு ஆற்றில் கலந்து, வாய்க்கால் வழியே வயல்களை அடைந்தது. வயலில் நுழையும் ஜலம் மடைவாயருகிலேயே வண்டலைப் படியவிடுவதால், காட்மியமும் அவ்விடத்தில் மிகுதியாகக் காணப்பட்டது.

வெளிப்பட்ட தீங்கு

நெற்பயிர் கெடுவதைப் பற்றி அவ்விடத்து விவசாயிகள் வெகுகாலமாகவே முறையிட்டு வந்தனர். பயிரோடு தீங்கு நிற்கவில்லை. காட்மியம் நெல்மணியில் ஏறியது. ஆற்று ஜலத்தையே ஜனங்கள் குடித்தும் வந்தனர். நடுவயது கடந்த ஸ்திரீகள் பலருக்குச் சிறுநீரகம் பழுதுற்று, எலும்புகள் வலுவிழந்தன. இருமினாலும் எலும்பு முறியுமளவுக்கு வியாதி முற்றியது. நோயாளிகள் ‘இத்தாய், இத்தாய்’ என்று கதறியதால் அதுவே வியாதியின் பெயராயிற்று. ‘வலிக்கிறது, வலிக்கிறது’ என்பது அதன் பொருள்.

1946-ஆம் ஆண்டில் யுத்த சேவையிலிருந்து ஊர் திரும்பிய வைத்தியர் ஹகினோ நொபோரு இந்நோயாளிகளைக் கவனிக்கலானார். விவசாய நிபுணர் யோஷியோக்கா, ரசாயன நிபுணர் கொபாயாஷி ஆகியோரின் உதவியோடு ஆராய்ந்து, காட்மியமே காரணமென்று 1961-ல் வெளியிட்டார். அரசாங்கம் இதனை ஒப்புக்கொண்டது 1968-ஆம் ஆண்டு மே மாதத்திலேதான். வியாதியஸ்தர்களென்று அரசாங்கத்தாரால் அங்கீகரிக்கப்பட்டவர் சுமார் 200 பேர்.

தீர்ப்பும் உடன்படிக்கையும்

அதே 1968-ல் நோயாளிகளும் அவர்தம் குடும்பத்தாரும் கம்பெனியின்மேல் வழக்குத் தொடுத்தனர். சுரங்கக் கழிவால் விளைந்த நஷ்டத்திற்கு, அஜாக்கிரதையை ருசுப்பிக்க வேண்டாமலே ஈடு கோரலாமென்பது ஜப்பானியச் சுரங்கச் சட்டத்தின் விதி. 1971-ல் ஜில்லா நியாயஸ்தலத்திலும், 1972 ஆகஸ்டு 9-ல் மேல் நியாயஸ்தலத்திலும் விவசாயிகளின் கட்சியே ஜயம் பெற்றது.

அவர்கள் நஷ்ட ஈட்டோடு திருப்தியடையவில்லை என்பதே முக்கியமாகக் கவனிக்கத்தக்கது. மறுநாளே கம்பெனியாரிடம் ஓர் உடன்படிக்கை பெற்றனர். குடிகள் வேண்டியபோதெல்லாம் தாங்கள் தேர்ந்த நிபுணர்களுடன் சுரங்கத்திலும் தொழிற்சாலையிலும் நுழைந்து பரிசோதிக்கலாம், தஸ்தாவேஜுகளைப் பெறலாம், செலவு கம்பெனியைச் சேர்ந்தது. 1972 முதல் ஆண்டுதோறும் விவசாயிகள் திரளாகச் சென்று, எந்தச் சுரங்க வாயிலிலிருந்து, எந்தக் கழிவுக் குட்டையிலிருந்து எவ்வளவு காட்மியம் வெளிப்படுகிறதென்று கணக்கிட்டுத் திருத்தங்கள் கோரி வந்தனர். அதன் பயனாக ஆற்று ஜலத்தின் காட்மியம் படிப்படியாகக் குறைந்து, இயற்கை நிலையை ஏறக்குறைய எட்டியது. 2001-ல் கனியம் வெட்டுவது நின்றபோதிலும், பழைய சுரங்க வழிகளிலிருந்து ஜலம் கசிவது நிற்பதில்லையாதலால் கண்காணிப்பு கைவிடப்படவில்லை.

கெட்ட நிலத்தைச் சீராக்குவதோ மிகக் கடினமான வேலையாயிற்று. கெட்ட மண்ணை ஆழத்தில் புதைத்து, மேலே நல்ல மண் பரப்பி, சுமார் 863 ஹெக்டேர், அதாவது 2,130 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம், மீட்கப்பட்டது. இவ்வேலை முடிந்தது 2012-ஆம் ஆண்டிலேதான். வாய்க்காலில் சில ஆண்டுகளில் தடுத்திருக்கக்கூடியதை வயலில் நீக்க முப்பதாண்டுகளுக்கு மேல் சென்றன.

கவனிக்க வேண்டியவை

சுரங்கங்களுக்குக் கீழே பாசனம் செய்வோரும் கிராம உத்தியோகஸ்தரும் பின்வருவனவற்றை அனுசரித்தல் நலம்:

1. சுரங்கத்திற்கு மேலே ஓரிடத்திலும், கீழே பல இடங்களிலும் ஒரே நாளில் ஜலம் எடுக்க வேண்டும். மேலிடத்து ஜலத்தோடு ஒப்பிடாவிடில் குற்றம் எங்கு உண்டாயிற்றென்று நிச்சயிக்க இயலாது.

2. கோடையில் ஆறு வற்றியிருக்கும்போதும், புது வெள்ளம் வரும்போதும் எடுக்க வேண்டும். வெள்ளம் பழைய வண்டலைக் கிளப்பிக் கொணரும்.

3. ஜலம் மாத்திரம் போதாது. மடைவாய் மண்ணையும் விளைந்த தானியத்தையும் பரீக்ஷைக்கு அனுப்ப வேண்டும். ஓடும் ஜலம் அன்றைய நிலையையே காட்டும். மண் பல வருஷத்துக் கணக்கைக் காட்டும்.

4. பரிசோதனைச் சாலையார் தந்த சுத்தமான புட்டியையே உபயோகித்து, இடம், தேதி, மணி, ஆற்றின் நிலை ஆகியவற்றை உடனே குறித்துத் தாமதமின்றி அனுப்ப வேண்டும்.

5. முடிவுகளை வருஷவாரியாக ஒரே புத்தகத்தில் பதிந்து, கிராமத்தார் யாவரும் பார்க்கும்படி வைக்க வேண்டும்.

ஜின்ஸு நதிக் குடிகளுக்கு இவ்வறிவு பல ஸ்திரீகளின் உயிரை விலையாகக் கொடுத்த பின்னரே கிட்டியது. அவ்விலையைக் கொடாமலே அதனைப் பெறும் வாய்ப்பு இப்போது மற்ற விவசாயிகளுக்கு உண்டு.